பிபிசி மைக்ரோவை எல்ஈடி டிவியில் போட்டால் எழுத்து நடுங்குகிறது, என்ன செய்யலாம்?

தாமிரபரணிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் போட்டுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்ததே, இங்கிலாந்து ஏக்கார்ன் கம்பெனியின் பிபிசி மைக்ரோ, அதில் அப்பா வேலை பார்த்த பள்ளிக்கும் வந்திருக்கிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் விடுவார்களாம். பின்னாளில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இருபது வருடத்துக்கு மேல் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் கிடந்தது. கூட வந்த மானிட்டரைக் கரையான் வாங்கின மரப்பெட்டியோடு எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று.

போன வாரம் இறக்கித் துடைத்து ஸ்விட்ச் போட்டேன். 'பூம்' என்று தாழ்ந்த சத்தம் ஒன்று, உடனே 'பீப்' என்று ஒன்று. அப்பா அடுப்படியில் இருந்து ஓடி வந்தார்.

பின்னால் படத்துக்கு மூன்று சாக்கெட் இருக்கிறது. யுஎச்எஃப் என்று ஒன்று, பிஎன்சி சாக்கெட் ஒன்று, ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில்) என்று ஆறு துளை வட்ட டின் சாக்கெட் ஒன்று. பிஎன்சிக்கு ஒரு அடாப்டர் போட்டு, 32 அங்குல எல்ஈடி டிவியின் ஏவி மஞ்சள் பின்னில் கொடுத்தேன். படம் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளை. எல்லா எழுத்தும் மேலும் கீழும் துடிக்கிறது, ஐந்து நிமிடம் பார்த்தால் தலை வலிக்கிறது. மோட் 0 என்கிற திரை வகையைப் போட்டால் (ஒரு வரிக்கு 80 எழுத்து) ஆங்கில 'எம்' எழுத்தெல்லாம் மை கொட்டின மாதிரி ஒரே கறை. யுஎச்எஃப்பை ஆன்டெனா பின்னில் கொடுத்துத் தேடவிட்டால் கலர் வருகிறது, ஆனால் மழை பெய்கிற மாதிரி புள்ளி புள்ளியாக.

டிவி ஏவி பின்னை விட்டால் எச்டிஎம்ஐ மட்டும்தான். ஆர்ஜிபியில் இருந்து விஜிஏ ஒயர் பற்ற வைத்து ஒரு கம்ப்யூட்டர் மானிட்டரில் செருகலாமா? அப்பா கையெழுத்தில் லேபிள் ஒட்டின பிளாப்பி ஒன்று இருக்கிறது, அதில் 'சின்வேவ்' என்று அவர் அப்போது எழுதின புரோகிராம். டிரைவ் இன்னும் படிக்கிறது. அந்த வளைவை நடுங்காமல் ஒருமுறை பார்த்தால் போதும்.

சும்மாதான்:

நண்பா, ஏவி டு எச்டிஎம்ஐ டப்பா 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிச் செருகுங்கள், முடிந்தது. இல்லையென்றால் லேப்டாப்பில் எமுலேட்டர், பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற மென்பொருள். அதே படம்தான்.

தாமிரபரணிக்காரன்:

அந்த டப்பா ஏற்கெனவே வாங்கிவிட்டேன். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, மங்கல் கூடிவிட்டது. சாவியைத் தட்டினால் எழுத்து ஒரு மூச்சு விட்டு வருகிற மாதிரி இருக்கிறது. எமுலேட்டர் அப்பாவுக்குக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

டிவிக்கடை:

தம்பி, முதலில் ஒரு காரியம் செய். அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கு. மீதியைப் பிறகு படி.

அதன் பவர் சப்ளைக்குள் மெயின்ஸ் நுழைகிற இடத்தில் மஞ்சளாய், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற உறையோடு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். எக்ஸ்2 வகை, மெயின்ஸ் கம்பிகளுக்கு நடுவே போடுவது. உள்ளே காகிதம்தான். நாற்பது வருடத்தில் உறையில் முடி முடியாக வெடிப்பு விழுந்து ஈரம் ஏறியிருக்கும். மறுபடி கரண்ட் கொடுத்தால் நாலு நாள் சும்மா இருக்கும், அப்புறம் ஒரு நாள் டப்பென்று வெடித்துப் புகை. என் கடையில் இதே மாதிரி ஒரு பெட்டிக்கு நடந்தது. அந்த நாற்றம் திரைச்சீலையில் இருந்து போக ஒரு வாரம் ஆனது. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உன் அப்பா இருதயத்துக்கு நல்லதில்லை. அதே மதிப்பில், எக்ஸ்2 என்று அச்சிட்ட புதுசு போட்டுவிடு. உனக்கு இதில் கை பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடு. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

சரி, படத்துக்கு வருவோம். நான் 1986இல் இருந்து டிவி ரிப்பேர் பார்க்கிறவன். டயனோரா, சாலிடேர் என்று பிக்சர் ட்யூப் காலத்து ஆள். உள்ளே இருக்கிற ஃப்ளை பேக் டிரான்ஸ்ஃபார்மரின் விசிலை வைத்தே செட் உயிரோடு இருக்கிறதா என்று வாசலில் நின்று சொல்வேன். அது நொடிக்கு 15,625 கோடு இழுக்கிற சத்தம். இப்போது ட்யூப் செட்டும் இல்லை, அந்தச் சத்தம் கேட்கிற காதும் இல்லை, விடு. உன் பிபிசி மைக்ரோவும் அதே 15,625தான். நீ விஜிஏ ஒயர் பற்ற வைக்கிறேன் என்கிறாயே, விஜிஏ தொடங்குவதே 31,500 பக்கம். நேராகச் செருகினால் பெரும்பாலான மானிட்டர் 'ரேஞ்சுக்கு வெளியே' என்று எழுதிக் காட்டிவிட்டுத் தூங்கிவிடும். அது வேண்டாம்.

நடுக்கம் ஏன்? மோட் 0இல் மெஷினிடம் இருப்பது 256 கோடு. அதை ஒரு தடவை அனுப்புகிறது. அடுத்த தடவை அதையே அரைக் கோடு தள்ளி அனுப்புகிறது. இன்டர்லேஸ். ட்யூபின் உள்பக்க ஒளிப்பூச்சும் நம் கண்ணும் சேர்ந்து அதை விழுங்கிவிடும். எல்ஈடி டிவி விழுங்காது. "ஆஹா, கிரிக்கெட் ஒளிபரப்பு வருகிறது" என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் கோக்கப் பார்க்கும், கோடு மேலும் கீழும் குதிக்கும். இதற்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. நட்சத்திரக் குறி போட்டு, டிவி 0,1 என்று அடித்து ரிட்டர்ன் தட்டு. அடித்தவுடன் ஒன்றும் நடக்காது, அடுத்து மோட் மாற்றும்போதுதான் அமலுக்கு வரும். ஆகவே மோட் 0 என்று மறுபடி அடி. சில டிவியில் படம் சிலை மாதிரி நின்றுவிடும். சில டிவி "சிக்னல் இல்லை" என்று சொல்லிவிடும். உன்னுடையது எந்த ஜாதி என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஸ்விட்ச் போட்டதும் வருகிற மோட் 7க்கு இந்த வைத்தியம் செல்லாது.

மங்கல் வேறு கதை. இதைக் கணக்கு வாத்தியாரிடமே கொடு, அவர் ரசிப்பார். மோட் 0இல் மெஷின் நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் புள்ளி தள்ளுகிறது. ஒரு கோட்டுக்கு 640 புள்ளி, அதற்கு ஆகும் நேரம் 40 மைக்ரோ செகண்ட். டிவிக்கும் அந்த 500 ரூபாய் டப்பாவுக்கும் உள்ளே இருக்கிற சிப் ஏவி சிக்னலை வழக்கமாக நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவைதான் அளக்கும், டிவி ஒளிபரப்புக்கு வகுத்த கணக்கு அது. 40 மைக்ரோ செகண்டில் அது எத்தனை தடவை? 540. ஆக 640 பேரை 540 நாற்காலியில் உட்கார வைக்கிறாய். 'எம்' எழுத்தின் மூன்று காலும் ஒன்றின் மடியில் ஒன்று உட்காராமல் என்ன செய்யும்? அதன் பிறகு அந்த 540ஐ 1,366க்கோ 1,920க்கோ இழுத்துப் பூசுகிறார்கள்.

அதனால் தம்பி, உன் மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கே ஒரு புள்ளி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாமல் டிவி குத்துமதிப்பாகப் பார்க்கிறது. ஏவி வழியே போகிறவரை இதற்கு மேல் தேறாது. (கறுப்பு வெள்ளையாக வருவது பழுதில்லை. அந்த பிஎன்சியில் கலர் கலக்காமல்தான் ஃபேக்டரியில் இருந்து வரும். உள்ளே எஸ்39 என்று ஒரு லிங்க் இருக்கிறது, அதை இணைத்தால் கலர் வரும், எழுத்து இன்னும் கொஞ்சம் கெடும். தொடாதே.)

ஆர்ஜிபி சாக்கெட்தான் வழி. அதைப் பற்றி இங்கிலாந்தில் இருக்கிற நம் ஆள் எழுதுவார், அவரிடம் அந்தச் சாமான் இருக்கிறது.

குளிர்நாடு:

கூப்பிட்டீர்களே, வந்துவிட்டேன். அண்ணன் சொன்ன நாற்காலிக் கணக்கை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவருக்கே புரிந்துவிட்டது. பதினைந்து வருடமாக நான் விளக்கி நடக்காத காரியம்.

இங்கே பழைய டிவிகளில் ஸ்கார்ட் சாக்கெட் இருக்கும், ஆர்ஜிபியை நேரே அதில் கொடுத்துவிடலாம். நம் ஊர் டிவியில் அது கிடையாது, புது டிவியில் இங்கேயும் இல்லை.

நான் வைத்திருப்பது ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ என்று பெயர் கொண்ட சின்ன போர்டு. முதலில் பிபிசி மைக்ரோவுக்காகவே பிறந்தது, அப்புறம்தான் மற்ற மெஷின்களுக்கும் போனது. ராஸ்பெரி பை ஜீரோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, அதன் தலையில் ஒரு சின்ன லாஜிக் சிப் உள்ள அட்டை. அவ்வளவுதான்.

இது மற்ற கன்வெர்ட்டரில் இருந்து எங்கே மாறுகிறது என்றால், பிபிசியின் ஆர்ஜிபி சாக்கெட்டில் வருவது சாதாரண வீடியோ சிக்னல் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கம்பியிலும் ஒன்று அல்லது பூஜ்யம், நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால்தான் அதற்கு மொத்தம் எட்டு நிறம். இந்த போர்டு மெஷினின் 16 மெகாஹெர்ட்ஸ் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் போய் "நீ ஒன்றா, பூஜ்யமா?" என்று கேட்கிறது. குத்துமதிப்புக்கு இடமே இல்லை. 640 பேருக்கு 640 நாற்காலி. மோட் 7க்கு மட்டும் தாளம் 12 மெகாஹெர்ட்ஸ், அதன் எழுத்தைப் போடுகிற டெலிடெக்ஸ்ட் சிப் தனி ஆள், மோட் மாறும்போது போர்டு தானே கண்டுபிடித்து மாறிக்கொள்ளும்.

ஒயர் சொல்கிறேன்: டின் சாக்கெட்டில் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம், 4 சிங்க் (கோடும் படமும் எங்கே தொடங்குகிறது என்று சொல்கிற சிக்னல்), 5 எர்த், 6இல் 5 வோல்ட் வருகிறது. அந்த ஆறாவதை எதோடும் உரசவிட்டுவிடாதீர்கள். பற்ற வைக்கும் முன் மல்டிமீட்டரில் எது 5, எது 6 என்று பார்த்துக்கொள்வது நல்லது. டின் பிளக்கில் எண் வரிசை பார்த்தவுடன் தெரிகிற மாதிரி ஓடாது, நான் முதல் தடவை கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழாகப் பற்ற வைத்தேன்.

இன்னொன்று, சம்பந்தம் இல்லாததுதான். அந்த பை ஜீரோவில் இருப்பது ஆர்ம் பிராசசர். முதல் ஆர்ம் சிப்பை 1985இல் செய்ததே ஏக்கார்ன்தான். சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அதை வடிவமைக்கும்போது பிபிசி மைக்ரோவில் உட்கார்ந்து அதன் புரோகிராம் மொழியான பிபிசி பேசிக்கிலேயே சிப்பின் மாதிரியை ஓட்டிப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் இப்போது பேரன் தாத்தாவுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறான்.

கோவைப்பொடியன்:

என்னிடம் இருப்பது கமடோர் 64. அதற்கும் இதே வழியா?

குளிர்நாடு:

இல்லை தம்பி. அதில் ஆர்ஜிபியே வெளியே வராது. ஆனால் அதன் வீடியோ சாக்கெட்டில் வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில் வரும், எஸ் வீடியோ மாதிரி. அதை எடுக்கிற ஒரு நல்ல கன்வெர்ட்டர் தேடுங்கள். தனி இழை தொடங்கினால் அங்கே வந்து எழுதுகிறேன், இங்கே வாத்தியார் வளைவு பாக்கி இருக்கிறது.

தாமிரபரணிக்காரன்:

அண்ணாச்சி, கெபாசிட்டர் மாற்றியாயிற்று. பழையதைக் கழற்றிப் பார்த்தால் நீங்கள் சொன்ன மாதிரியே, பழைய பீங்கான் தட்டு போல முழுக்க வெடிப்பு. டிவி 0,1 அடித்தேன். என் டிவி "சிக்னல் இல்லை" ஜாதி.

அந்த பை ஜீரோ அட்டை வெளிநாட்டில் இருந்து வர நாளாகும் போலிருக்கிறது. அதற்குள் வேறு ஏதாவது வழி? ஜிபிஎஸ் 8200 என்று ஒரு போர்டு இங்கேயே ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்றார்களே?

டிவிக்கடை:

கிடைக்கும். வீடியோ கேம் மெஷின்காரர்களுக்காக வந்த போர்டு. நொடிக்கு 15,625 கோடு வருகிற ஆர்ஜிபியை வாங்கி விஜிஏவாகத் துப்பும். என்னிடமும் ஒன்று இருக்கிறது, அதனால் அதன் குணம் தெரியும்.

முதல் குணம்: அது எதிர்பார்ப்பது 0.7 வோல்ட். உன் மெஷின் தள்ளுவது 5 வோல்ட் லாஜிக். நேராகக் கொடுத்தால் எல்லா நிறமும் வெந்து வெள்ளையாகும், போர்டுக்கும் கெடுதல். ஒவ்வொரு நிறக் கம்பியிலும் தொடராக ஒரு 470 ஓம் போடு. போர்டுக்குள் 75 ஓம் இருக்கிறது. 5 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 5 பெருக்கல் 75, வகுத்தல் 545, கிட்டத்தட்ட 0.69. சரியாக வந்ததா? ரெசிஸ்டர் ஒன்று ஒரு ரூபாய். சிங்க் கம்பிக்கும் ஒரு 470 போட்டுவிடு. அப்புறம் போர்டில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று ப்ரீசெட் இருக்கும், சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வெள்ளையை வெள்ளையாக்கு.

இரண்டாவது குணம்: இதுவும் உன் டிவி மாதிரியே எல்லாவற்றையும் இன்டர்லேஸ் என்று நினைக்கிற புத்தி. உள்ளே இருக்கிற சிப் கெட்டிக்காரன், அதை ஓட்டுகிற மென்பொருள்தான் மந்தம். பிள்ளைகள் ஜிபிஎஸ் கன்ட்ரோல் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வைஃபை போர்டை நாலு கம்பியில் பற்ற வைத்து அந்தச் சிப்பை அதன் மூலம் ஓட்டலாம். அதைப் போட்டால் ஆளே மாறிவிடும். ஆனால் எவ்வளவு போட்டாலும் அது அளந்து பார்க்கிற ஆள், எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை. 80 எழுத்தில் ஓரம் லேசாகக் கரையும். வளைவு பார்க்க நன்றாக இருக்கும், எழுத்து வாசிக்க சுமார். உனக்கு அவசரம் இல்லையென்றால் பை அட்டைக்கே காத்திரு என்பேன்.

காத்திருக்கிற நேரத்தில் ஒரு வேலை செய். அந்த 32 அங்குலத்தை மறந்துவிட்டுப் பழைய 17 அங்குலச் சதுர எல்சிடி மானிட்டர் ஒன்று தேடு. ஆபீஸ்களில் இருந்து கழித்துக் கட்டினது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் செகண்ட் ஹேண்ட் கடைகளில் பார்க்கலாம். நான் 700 ரூபாய்க்கு வாங்கினேன். டிவிஐ சாக்கெட் இருக்கிறதாகப் பார்த்து எடு, எச்டிஎம்ஐயில் இருந்து அதற்குச் சாதாரண ஒயரே போதும்.

ஏன் சதுரம்? அதன் திரை 1,280க்கு 1,024. உன் மோட் 0, 640க்கு 256. படுக்கையில் இரண்டால் பெருக்கு, நிற்கையில் நாலால் பெருக்கு. ஒரு புள்ளி மிச்சமில்லாமல் உட்கார்ந்துவிடும். பிபிசி பேசிக்கில் படம் வரைய எந்த மோடிலும் கொடுக்கிற அளவும் அதே 1,280க்கு 1,024தான், அப்பாவைக் கேள், தூக்கத்திலும் சொல்வார். 1981இல் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்த மானிட்டரை நினைத்துச் செய்திருக்க முடியாது, ஆனாலும் பார், என்ன பொருத்தம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உன் மெஷின் நொடிக்கு 50 படம் அனுப்புகிறது. மானிட்டர்களில் சில 60க்குக் கீழே ஏற்காது. வாங்கும் முன் ஒரு லேப்டாப்பை 50 ஹெர்ட்ஸில் வைத்து அந்த மானிட்டரில் காட்டிப் பார்க்கச் சொல். கடைக்காரன் முறைப்பான், பரவாயில்லை.

தாமிரபரணிக்காரன்:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அட்டை வந்தது. மானிட்டரும் கிடைத்தது, ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டியிருக்கவில்லை, ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சும்மா கிடந்தது. முதலில் கேட்டபோது "அது எதுக்குங்க, நூறு ரூபா குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். 50 ஹெர்ட்ஸ் ஏற்கிறது. டின் பிளக்கை நானும் ஒரு தடவை தலைகீழாகத்தான் பற்ற வைத்தேன். குளிர்நாடு அண்ணன் எச்சரித்தும் கூட. நல்லவேளை, செருகும் முன் மீட்டரில் பார்த்ததால் ஆறாவது கம்பி தப்பித்தது.

ஸ்விட்ச் போட்டேன். பூம், பீப். பிபிசி கம்ப்யூட்டர் 32கே என்று மேலே வெள்ளை எழுத்து, அசையவில்லை. விரல் நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம் போல இருந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிளாப்பியை என்னிடம் கொடுக்காமல் அவரே டிரைவில் நுழைத்தார். சின்வேவ் என்று அவரே அடித்தார், ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, அந்த டிஸ்க்கில் பெயருக்கு ஏழு எழுத்துதான் இடமாம், 'இ' எங்கே விட்டது என்று நான் கேட்டதற்குச் சொன்னார்.

இடது ஓரத்தில் இருந்து புள்ளி புள்ளியாக வளைவு போட்டுக்கொண்டே வந்தது. மெதுவாகத்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் சைன் கணக்குப் போடுகிறது அல்லவா. வலது ஓரம் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. முடிந்ததும் அப்பா திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். "படிக்கட்டு மாதிரி தெரியுதே" என்றார். நான் பெருமையாக, "ஆமாப்பா, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா தெரியுது பாருங்க" என்றேன்.

"அப்போ இப்படி இல்லையே. வழுவழுன்னு ஒரே கோடா இருக்கும். நீ ஏதோ கெடுத்துட்டே."

அண்ணாச்சி, இதற்கு என்ன பதில் சொல்ல?

டிவிக்கடை:

அவர் சொல்வது சரிதான் தம்பி. ட்யூபில் புள்ளி வட்டமாக விழும், ஓரம் ஒன்றோடொன்று கசியும். நாங்கள் ஃபோகஸ் திருப்பியது எல்லாம் அந்தக் கசிவுக்குள் செய்த வேலைதான்.

குளிர்நாடு:

போர்டில் இருக்கிற பட்டனை அழுத்தினால் மெனு வரும். அதில் ஸ்கேன்லைன் என்று இருக்கிறது, கொஞ்சம் ஏற்றிக் காட்டுங்கள். கோட்டுக்குக் கோடு மெல்லிசாகக் கறுப்பு விழும், ட்யூப் சாயல் கொஞ்சம் வரும்.

தாமிரபரணிக்காரன்:

போட்டேன். நாலடி தள்ளி உட்கார வைத்து, அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். "இப்போ சரி" என்றார். இப்போது நாற்பதாவது வரியில் ஒரு தப்பு கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார். மானிட்டரை என்னிடம் திருப்பிக் கொடுக்கிற மாதிரித் தெரியவில்லை.